உங்களுக்குத் தெரியுமா? துருக்கியே தடைசெய்த துருக்கித் தொப்பி!

பழைய கல்யாணப் படங்களில் பார்த்திருப்பீர்கள்: பூந்தொட்டியைக் கவிழ்த்தாற்போல் சிவப்புத் தொப்பி, மேலிருந்து தொங்கும் கறுப்புக் குஞ்சம். காலங்காலமாக வந்த இஸ்லாமிய உடை என்றே பலரும் நினைக்கிறோம். உண்மையில், உஸ்மானியப் பேரரசில் அது 1829-இல் வந்த அரசாணை.

அதுவரை ஒருவர் கட்டிய தலைப்பாகையே அவர் மதத்தையும் பதவியையும் சொல்லிவிடும். சுல்தான் இரண்டாம் மஹ்மூத் அதிகாரிகள் எல்லோருக்கும் ஒரே தொப்பி என்றார். ஐரோப்பியத் தொப்பிபோல் இதற்கு விளிம்பு கிடையாது. அதனால், கழற்றாமலே சஜ்தா செய்யலாம். நெற்றி தரையில் படும். புதுமையை நுழைத்தவர்கள் தொழுகையையும் யோசித்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

கடல் கடந்து இலங்கைக்கும் வந்தது தொப்பி. 1905-இல் வழக்கறிஞர் எம்.சி. அப்துல் காதர் அதை அணிந்து கொழும்பு உச்ச நீதிமன்றத்தில் வாதாட வந்தபோது, தலைமை நீதிபதி ஏற்கவில்லை. முஸ்லிம்கள் கொதித்தெழுந்தார்கள். டிசம்பர் 31-ஆம் தேதி மருதானையில் பெருங்கூட்டம் கூடியது. பின்னர் அனுமதி கிடைத்தது.

சுமார் 20 ஆண்டு கழித்து, 1925 நவம்பரில், முஸ்தபா கமாலின் துருக்கிக் குடியரசு அதே தொப்பியைப் பழமையின் சின்னம் என்று சட்டம் போட்டுத் தடைசெய்தது. ஒரு நூற்றாண்டுக்கு முன் புதுமை என்று வெறுக்கப்பட்டதை மார்க்க அடையாளமாகக் காக்க எழுந்தவர்களில் சிலர் தூக்கிலிடப்பட்டார்கள்.