குந்தும் கால்கள்: அன்றும் இன்றும்

நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு நம் கிராமத்து வீடுகளில் பாதி வேலை தரையோடுதான் நடந்தது. விறகடுப்பை ஊதுவது, பாத்திரம் துலக்குவது, கொல்லைக்குப் போவது, வயலில் களை பறிப்பது எல்லாமே குத்தவைத்துத்தான். வேலை ஓய்ந்த நேரத்திலும் டீக்கடை ஓரத்திலோ வரப்பிலோ குந்தியபடியே ஊர்க்கதை பேசினார்கள்.

அப்படி உட்கார்ந்தவரைப் பக்கவாட்டில் பார்த்தால் இரண்டு குதிகாலும் தரையில் பதிந்திருக்கும். பின்தொடை கெண்டைக்கால்மேல் படிந்திருக்கும். கையை ஊன்றாமலே எழுந்துவிடுவார். கணுக்கால், முழங்கால், இடுப்பு மூன்றும் முழுதாக மடங்குவது அவருக்குச் சிறுவயதிலிருந்தே பழகியது. அந்தப் பழக்கம் எலும்பிலும் பதியும். ஹேவ்லாக் சார்லஸ் என்ற உடற்கூற்றியலாளர் 1890களில் பஞ்சாப் மக்களின் கால் எலும்புகளை ஆராய்ந்து, குந்தி உட்காருவதால் கணுக்கால் மூட்டின் முன்பக்கம் உண்டாகும் சிறு தடங்களை விவரித்திருக்கிறார்.

பிறகு அடுப்பு மேடை ஏறியது. அம்மியின் இடத்துக்கு மிக்ஸி வந்தது. குளியலறைக்கு வெஸ்டர்ன் டாய்லெட் வந்தது. பெண்களின் முதுகுக்கும் முதியவர்களின் முழங்காலுக்கும் இவை தந்த ஆறுதல் பெரிது. யாரும் அதை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் நாளுக்குப் பலமுறை கால் முழுதாக மடங்கி நிமிர்ந்த வாய்ப்பும் கூடவே போய்விட்டது.

இன்று அதே அசைவு ஜிம்மில் ஸ்குவாட்டாகத் திரும்பி வந்திருக்கிறது. பகல் முழுக்க நாற்காலியில் இருந்தவர், மாலையில் 20 கிலோ இரும்புக் கம்பியைத் தோளில் வைத்துக்கொண்டு குந்துகிறார். பாதி இறங்கும்போதே குதிகால் மேலெழுகிறது. ஒரு முழங்கால் உட்பக்கம் சரிகிறது. எழும்போது இடுப்பு ஒரு பக்கமாக நகர்ந்து, பாரம் ஒரே தொடையில் விழுகிறது. மறுநாள் மாடிப்படி இறங்கும்போது முழங்கால் சில்லைச் சுற்றி வலி.

காரணம் பெரும்பாலும் முழங்காலோடு நிற்பதில்லை. கணுக்கால் இறுகியிருந்தால் முழங்கால் முன்னே போக வழியின்றி உள்ளே சாய்கிறது. இடுப்பின் பக்கத் தசை தளர்ந்திருந்தாலும் தொடை உட்பக்கம் திரும்பும். பள்ளிப் பருவத்தில் சுளுக்கிய கணுக்கால் சரியாகத் தேறாமல் இருந்தால், உடல் தானாகவே மறுகாலை நம்பத் தொடங்கும். அதனால் சிலருக்கு வலுவான கால்தான் முதலில் வலிக்கிறது. இரண்டு கால் வேலையை அது ஒன்றே செய்கிறது. எவருக்கும் இரு கால்களும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருப்பதில்லை. சிறு வித்தியாசம் நோயல்ல. வலியோடு சேர்ந்து வரும்போதுதான் கவனிக்க வேண்டும்.

மருத்துவப் பார்வையும் இதற்கிடையே மாறியது. 1961இல் அமெரிக்காவில் கார்ல் கிளைன் என்பவர், முழுக்கக் குந்துவது முழங்கால் தசைநார்களைத் தளர்த்தும் என்றார். அந்த எச்சரிக்கை உலகம் முழுக்கப் பரவியது. பின்னால் வந்த ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. வலி என்று போனால் ‘கீழே உட்காராதீங்க, காலை மடக்காதீங்க’ என்பதே நம் ஊரிலும் வழக்கமான அறிவுரை. மடக்காமலே வைத்திருந்தால் தொடைத்தசை மெலிந்து, மூட்டுக்கு இருந்த தாங்கலும் குறைகிறது. இன்றைய பிசியோதெரபிஸ்ட்கள் தாங்கும் அளவுக்குப் பயிற்சி தந்து, இடுப்பையும் தொடையையும் சேர்த்தே வலுவாக்குகிறார்கள்.

அதற்காக அன்றைய வாழ்க்கையைப் பொற்காலம் என்று சொல்லிவிடவும் முடியாது. 2004இல் வெளியான பெய்ஜிங் ஆய்வு, இளவயதில் நாளுக்குப் பல மணி நேரம் குந்தியிருந்த முதியவர்களிடம் முழங்கால் தேய்மானம் கூடுதலாக இருந்ததைக் காட்டியது. நெடுநேரம் குந்தியே வேலை செய்பவர்களுக்கு முழங்காலின் வெளிப்பக்க நரம்பு அழுந்தி, பாதத்தைத் தூக்க முடியாமல் போவதும் உண்டு. அன்று உழைக்கும் உடல் அளவுக்கு மிஞ்சிக் குந்தியது. இன்று நம்மில் பலர் அன்றாட வேலையில் அறவே குந்துவதில்லை. இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் நமக்கு நல்லது.

முதலில் இரண்டு காலையும் தனித்தனியே சோதியுங்கள். பெருவிரலைச் சுவரிலிருந்து சுமார் 10 செ.மீ. தள்ளி வைத்து, குதிகால் எழாமல் முழங்காலால் சுவரைத் தொட முடிகிறதா என்று பாருங்கள். எந்தக் கால் பின்தங்குகிறதோ, அந்தக் கணுக்காலுக்கு வேலை இருக்கிறது. சில நாட்கள் கம்பியை இறக்கி வைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து எழுவதில் தொடங்குங்கள். தேவையானால் குதிகாலுக்கு அடியில் மெல்லிய பலகை வைக்கலாம். பளுதூக்குவோரின் காலணியில் குதி உயர்ந்திருப்பதும் இதற்காகவே. ஒற்றைக்காலில் படியேறி இறங்குவது, ஒருக்களித்துப் படுத்து மேல்காலைத் தூக்குவது, கெண்டைக்காலை நீட்டுவது மூன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பலவீனமான காலில் ஆரம்பித்து, அதனால் எத்தனை முடிகிறதோ அத்தனையே மறுகாலுக்கும் கொடுங்கள். லேசான வலி மறுநாள் காலைக்குள் அடங்கிவிட்டால் தொடரலாம்; கூடினால் குறைக்க வேண்டும்.

முழங்கால் வீங்குவது, மடக்கியபடியே மாட்டிக்கொள்வது, நடக்கையில் நழுவுவது, பாதம் மரத்துப்போவது, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருப்பது ஆகியவற்றுக்குப் பயிற்சி மருந்தல்ல. உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கணுக்காலும் தொடையும் பழகச் சில மாதங்கள் பிடிக்கும். அந்தப் பொறுமைக்குப் பலன் ஜிம்மோடு நிற்காது. எழுபது வயதிலும் பிறர் கையைப் பிடிக்காமல் தரையில் உட்கார்ந்து எழ முடிகிறவர் யாரையும் சார்ந்திராமல் வாழ்கிறார். அதற்கான உழைப்பை நாற்பதிலேயே தொடங்கிவிட வேண்டும்.