உட்கார ஓர் இடம்



கொடகவெலக்கு அருகிலுள்ள மாதம்பைச் சந்தியில் திரும்பி, ரக்வானை, தெனியாய, அக்குரஸ்ஸ என இறங்கிச் செல்லும் பெருந்தெரு காலி நகரில் போய் முடிகிறது. அடுத்த பாடசாலை விடுமுறையில் அவ்வழியே பிள்ளைகளோடு காலிக் கோட்டைக்கு ஒருமுறை போய் வாருங்கள். அஸர் தொழுதுவிட்டு, வெயில் தணிந்த பின் கோட்டை மதிலின் மேல் சற்று நேரம் அமர்ந்து பாருங்கள்.

போர்த்துக்கேயர் 16ஆம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கி, 1640இல் கைப்பற்றிய ஒல்லாந்தர் பெருப்பித்த கோட்டை அது. 1988இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமைத் தலமாக்கியது. பகைவரை வெளியே நிறுத்தக் கட்டிய அந்த மதில், இன்று எவரும் காசு கொடுக்காமல் உலாவும் இடம். வெளிச்சவீட்டின் எதிரே மீரான் ஜும்ஆப் பள்ளிவாசல். சற்றுத் தள்ளி 1755இல் எழுந்த ஒல்லாந்தர் தேவாலயம். பௌத்த விகாரையும் உண்டு. ஊர்வாசிகள், பாடசாலைப் பிள்ளைகள், உல்லாசப் பயணிகள் எல்லோரும் மாலையில் ஒரே காற்றை வாங்குகிறார்கள். 2004 சுனாமியின்போது கோட்டைக்குள் இருந்தோரைப் பெரிதும் காத்ததும் அதே மதில்தான்.

ஆனால் குறைகளையும் கவனியுங்கள். மதிலின் விளிம்பில் பல இடங்களில் தடுப்பு இல்லை. நடுப்பகலில் மேலே நிழலும் இல்லை. முழங்கால் வலியுள்ள உம்மும்மாவுக்கு ஏறுவதே பெரும்பாடு. கோட்டைக்குள் பல வீடுகள் கைமாறி விடுதிகளாகிவிட்டன. வீடு கைமாறலாம். மதிலும் திடலும் ஊராருக்கே உரியவையாக இருக்க வேண்டாமா?

இது புதிய கேள்வியல்ல. கொழும்பு காலி முகத்திடலின் நடைபாதையை ஆளுநர் சேர் ஹென்றி வோர்ட் 1856இல் தொடங்கினார். அது 1859இல் முடிந்தது. கொழும்பின் பெண்கள், பிள்ளைகளின் நலன் கருதி அதைப் பேணும்படி பின்வரும் ஆளுநர்களைக் கேட்டுக்கொள்ளும் கல் இன்றும் அங்கே இருக்கிறது.

வில்லியம் வைட் என்ற அமெரிக்கர் நியூயோர்க்கின் சதுக்கங்களைப் படம்பிடித்து ஆராய்ந்து 1980இல் ஒரு நூல் எழுதினார். உட்கார இடமிருந்தால்தான் மக்கள் வந்து அமர்வார்கள் என்பது அவர் கண்ட எளிய உண்மை. இன்னொன்றையும் கண்டார்: பெண்கள் கூடுதலாக வரும் இடமே நன்றாக அமைந்த இடம். ஏனெனில் இடம் தெரிவதில் பெண்கள் கவனமானவர்கள்.

எமது கொடகவெல கோட்டை நகரமல்ல. ஆனாலும் கடைத்தெருவைச் சற்று எண்ணிப் பாருங்கள். சாமான் பையும் கைக்குழந்தையுமாகப் பஸ்ஸுக்கு நிற்பவர் தோட்டத்து அக்காவாக இருக்கலாம். சிங்களத் தாயாக இருக்கலாம். எமது உம்மாவாகவும் இருக்கலாம். மூவரின் கால்வலியும் ஒன்றுதான். அவர்களுக்குப் பெரிய பூங்கா வேண்டியதில்லை. நிழல் தரும் ஒரு மரம், அதன் கீழே ஒரு வாங்கு, குடிக்கத் தண்ணீர், சுத்தமான மலசலகூடம், மஃரிபுக்குப் பின் எரியும் ஒரு விளக்கு. இவை இருந்தால் அந்த இடம் எல்லோருக்கும் உதவும்.

அடுத்த முறை பிரதேச சபைக்கு வாக்குக் கேட்டு வருபவரிடம், "பெண்கள் உட்கார எங்கே இடம் வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். அவரது பதிலிலிருந்தே ஊரைப் பற்றிய அவரது எண்ணம் உங்களுக்கு விளங்கிவிடும்.