எஞ்சினுக்கு நீராட்டு

ஆயுத பூசைக்கு முந்திய நாளில் நம் ஊர்களில் ஓய்வின்றி உழைப்பவை வண்டி கழுவும் நிலையங்களே. லாரி முதல் ஆட்டோ ரிக்ஷா வரை எல்லாம் அங்கே நீராட வரிசையில் நிற்கும். வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கும் என் தமையனாரும் சில ஆண்டுகளுக்கு முன் தம் காரை அங்கே கொண்டு சென்றார். "பூசைக்கு வைக்கிற வண்டி, எஞ்சினையும் நன்றாகக் கழுவிவிடு, தம்பி" என்று அவரே சொன்னார். அங்கிருந்த பையனும் மூடியைத் திறந்து, மூலை முடுக்கெல்லாம் நீரைப் பீச்சிக் கழுவினான். எஞ்சின் புதிதுபோல் பளபளத்தது. வீடு திரும்புகையிலேயே வண்டி சற்றுக் குலுங்கியது. பூசை அவசரத்தில் அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

மறுநாள் விடியற்காலை, சந்தனமும் மாலையுமாக நின்ற அந்தக் கார் புறப்பட மறுத்தது. பலமுறை முயன்றபின் நொண்டி நொண்டி ஓடிற்று. அன்று ஒரு நோயாளியை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதாக அவர் ஒப்புக்கொண்டிருந்தார். வேறு வண்டி தேடி அனுப்புவதற்குள் ஒரு மணி நேரம் கழிந்துவிட்டது. தமையனாரின் கோபமெல்லாம் அந்தப் பையன்மேல் திரும்பிற்று. "எங்கோ ஒரு கம்பியைப் பிடுங்கிவிட்டான்" என்று நிலையத்தின் முதலாளியிடம் முறையிட்டார். முதலாளி பையனின் கூலியை நிறுத்தி வைத்தார்.

மெக்கானிக் வந்து பார்த்தார். கம்பி எதுவும் பிடுங்கப்படவில்லை. ஒரு பிளக்கின் மேலிருந்த காயிலைக் கழற்றியபோது, அந்தக் குழியில் ஒரு பாலாடை அளவு நீர் நின்றது. இவ்வளவு சிறிய நீர் எப்படி ஓர் எஞ்சினை முடமாக்கியது? பௌதிகம் கற்பிப்பவன் என்ற முறையில் அதை உங்களுக்கு விளக்க விரும்புகிறேன்.

பெட்ரோல் எஞ்சினில் எரிவாயுக் கலவையைப் பற்றவைப்பது பிளக்கின் முனையில் தோன்றும் மின்பொறி. பாட்டரி தருவதோ 12 வோல்ட்டுதான். அழுத்தப்பட்ட வாயுவின் ஊடே, சுமார் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்ட அது போதாது. ஆகவே காயில் அதனை 20,000 வோல்ட்டுக்கும் மேலாக உயர்த்துகிறது. இத்தகைய மின்சாரம் எளிய வழி கிடைத்தால் அதிலேயே சென்றுவிடும். தூய நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். ஆனால் எஞ்சின்மேல் வழியும் நீரில் உப்பும் சோப்பும் அழுக்கும் கரைந்திருக்கின்றன. அந்நீர் பிளக்கின் பீங்கானை நனைத்ததும், மின்சாரம் பொறியாகத் தாவாமல், ஈரத்தின் வழியே உலோகத்துக்குக் கசிந்து விடுகிறது. நான்கு சிலிண்டர்களின் வேலையை மூன்று செய்ய வேண்டியதாகிறது. இதைத்தான் மெக்கானிக்குகள் 'மிஸ்ஸிங்' என்கிறார்கள்.

மழையில் பல நாள் ஓடும் வண்டிக்கு வராத கேடு, கழுவும்போது வருவது ஏன் என்று நீங்கள் கேட்கலாம். காரணங்கள் இரண்டு.

முதலாவது, நீரின் வேகம். ஒரு மீட்டர் ஆழ நீரில் அமிழ்ந்த பொருளின்மேல் கூடுதலாக ஏற்படும் அழுத்தம், வளிமண்டல அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்குதான். நீர்பீச்சும் பம்பிலோ நூறு மடங்கு வளிமண்டல அழுத்தம் உண்டாகக்கூடும். இதனால்தான் நீர்க்காப்பைக் குறிக்கும் சர்வதேச எண்களில் இரண்டையும் தனித்தனியே வைத்திருக்கிறார்கள். ஐ.பி. 67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரைமணி நேரம் தாங்கும் என்று பொருள். அருகிலிருந்து பாயும் அழுத்தமிக்க சுடுநீரைத் தாங்குவதற்கு ஐ.பி. 69 என்ற எண் வேறாக உள்ளது. முன்னதில் தேறிய பொருள் பின்னதிலும் தேறும் என்று கொள்ளக் கூடாது.

இரண்டாவது காரணம் இன்னும் சுவையானது. ஓடி நின்ற எஞ்சின்மேல் இறுக மூடிய ஒரு மின்பெட்டி இருப்பதாகவும், அதனுள் 90 டிகிரி வெப்பத்தில் காற்று இருப்பதாகவும் கொள்வோம். குளிர்ந்த நீர் பட்டு அது 30 டிகிரிக்கு இறங்குகிறது. கெல்வின் அளவில் இது 363-லிருந்து 303-க்கு இறங்குவதாகும். காற்றின் அழுத்தமும் அதே விகிதத்தில், ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறையும். வளிமண்டல அழுத்தம் சுமார் பத்து மீட்டர் உயர நீருக்குச் சமமாதலால், அந்தப் பெட்டி ஒன்றரை மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் அமிழ்த்தியதுபோல் ஆகிறது. இணைப்பு ரப்பர் சிறிது தளர்ந்திருந்தாலும், பெட்டி தானே நீரை உறிஞ்சிக்கொள்ளும்.

உள்ளே புகுந்த நீர் உடனே செய்யும் கேட்டைவிட மெல்லச் செய்யும் கேடு பெரிது. ஈரமான இரு முனைகளுக்கிடையே 12 வோல்ட் இருந்தால் அங்கே மின்பகுப்பு நிகழும். 1830-களில் மைக்கேல் பாரடே ஆராய்ந்து விதி வகுத்த அதே நிகழ்ச்சிதான் இது. நேர்முனையிலுள்ள செம்பு கரைந்து களிம்பாகிறது. தமையனாரின் காரிலும் இரண்டு மாதங்களுக்குப்பின் பெட்ரோல் செலவு ஏறிற்று. வெப்பமறியும் கருவியின் கப்ளரைப் பிரித்தபோது உள்ளே பச்சைக் களிம்பு. களிம்பினால் மின்தடை கூடியது. தடை கூடினால் எஞ்சின் குளிர்ந்திருக்கிறது என்று கணிப்பொறி பொருள் கொள்ளும். வேண்டாத பெட்ரோலையும் செலுத்தும்.

ஆகவே எஞ்சினைக் கழுவவே கூடாதா? கழுவலாம். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். பாட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட வேண்டும். காற்று இழுக்கும் வாய், பியூஸ் பெட்டி, ஆல்டர்னேட்டர், காயில்கள் ஆகியவற்றை மூடிவிட்டு, தூரிகையாலும் ஈரத்துணியாலும் துடைப்பதே சிறந்தது. நீர் புகுந்துவிட்டால் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்யலாகாது. எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குச் சென்று, அங்குள்ள வினையூக்கிக் கருவியைக் கெடுத்துவிடும். காயிலைக் கழற்றி, காற்றடித்து ஈரத்தை நீக்கி, நன்கு உலர்ந்தபின் ஓட்டுவதே முறை.

இவற்றையெல்லாம் தமையனாரிடம் அன்று மாலையே விளக்கினேன். பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தவர், "கழுவச் சொன்னது நான்தானே" என்றார். மறுநாளே நிலையத்துக்குச் சென்று, பையனிடம் தம் தவற்றை ஒப்புக்கொண்டு, அவனுடைய கூலியை முதலாளியிடமிருந்து வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தார்.

மாணவ நண்பர்களே, காரணம் தெரியாதபோது நம் கோபம் பெரும்பாலும் எளியவர்மேல்தான் விழுகிறது. ஒரு பாலாடை நீரின் காரியத்தை அறிந்துகொண்டதால் ஒரு பையனின் கூலி காப்பாற்றப்பட்டது. விஞ்ஞானத்தைத் தேர்வுக்காக மட்டும் கற்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.