தலைவர் ஆஸ்பத்திரியில்! புரளி மலை உச்சியில்!

கொடைக்கானல் ஏறத்தாழ 7 ஆயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. பத்திரிகைக் கட்டு அங்கே போய்ச் சேர, வத்தலக்குண்டு மலைப்பாதையில் வளைந்து வளைந்து வண்டி ஏற வேண்டும். புரளிக்கு அந்தக் கஷ்டம் இல்லை. அதற்கு டிக்கெட்டும் வேண்டாம்!

1984-ம் ஆண்டில் அந்தப் புரளி, மலையில் உள்ளவர்களையும் அடிவாரத்தில் உள்ளவர்களையும் ஒன்றாகக் கலங்க வைத்தது.

அக்டோபர் 5-ந் தேதி இரவு முதல்-மந்திரி எம்.ஜி.ஆர். சென்னை அப்பல்லோ ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். சிறுநீரகம் பழுதுபட்டிருந்தது. பிறகு பக்கவாதமும் தாக்கியது. சுகாதார மந்திரி ஹண்டே நிருபர்களிடம் உடல்நிலை பற்றி விவரம் சொல்லி வந்தார். ஆனாலும் ஜனங்கள் ஒருவர் காதில் ஒருவர் கேட்டது ஒரே கேள்விதான்: "ஆள் இருக்கிறாரா?"

கோவில், மசூதி, மாதா கோவில் எங்கும் பிரார்த்தனை நடந்தது. துக்கம் தாங்காமல் தீக்குளித்தவர்களும் உண்டு. புரளி உயிரையும் வாங்கும்.

படுக்கையில் இருந்த வேட்பாளர்

நவம்பர் 5-ந் தேதி எம்.ஜி.ஆர். விமானத்தில் அமெரிக்காவுக்குக் கொண்டு போகப்பட்டார். நியூயார்க் புரூக்ளினில் சிகிச்சை. அந்த நேரத்தில் தேர்தலும் வந்துவிட்டது. அவர் நின்ற தொகுதி ஆண்டிப்பட்டி.

கொடைக்கானல் மலையை விட்டுத் தெற்கே இறங்கினால் பெரியகுளம். வைகையைத் தாண்டினால் ஆண்டிப்பட்டி. வேட்பாளரோ கடல் கடந்து கிடக்கிறார்! வீதியில் வந்து கும்பிட முடியாது. வாய் திறந்து பேசவும் முடியாது.

கட்சிக்காரர்கள் ஒரு யுக்தி செய்தார்கள். ஆஸ்பத்திரியில் அவர் சாப்பிடுவதையும் பத்திரிகை பார்ப்பதையும் வீடியோப் படம் எடுத்து, ஊர் ஊராகத் திரையிட்டார்கள். "இருக்கிறார்!" என்று ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

டிசம்பர் 19-ந் தேதி அவருக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டது. அண்ணன் மகள் கொடுத்த சிறுநீரகம் அது. ஐந்தே நாளில், 24-ந் தேதி ஓட்டுப் பதிவு. ஆண்டிப்பட்டி அவரைக் கைவிடவில்லை.

அவர் உயிரோடு இருக்கிறார் என்பதை அந்தப் படம் காட்டியது. ஆட்சி நடத்தும் தெம்பு இருக்கிறதா என்பதைக் காட்டவில்லை. அதை அப்போது கேட்டவர்கள் குறைவு!

1985 பிப்ரவரி 4-ந் தேதி அவர் திரும்பி வந்தார். 10-ந் தேதி பதவி ஏற்றார். பேச்சு மட்டும் பழையபடி திரும்பவில்லை. 1987-ல் அதே டிசம்பர் 24-ந் தேதி காலமானார்.

பார்லிமெண்டே ஏமாந்தது

டீக்கடையில்தான் புரளி பிறக்கும் என்று நினைக்க வேண்டாம். 1979 மார்ச் 22-ந் தேதி, ஜெயப்பிரகாஷ் நாராயணன் இறந்துவிட்டார் என்று பிரதமர் மொரார்ஜி தேசாயே பார்லிமெண்டில் அறிவித்தார். சபை ஒத்திவைக்கப்பட்டது. ஜெ.பி.யோ பம்பாய் ஆஸ்பத்திரியில் உயிரோடு இருந்தார்! அவர் இறந்தது அக்டோபர் 8-ந் தேதிதான்.

75 நாட்கள்

மீண்டும் அப்பல்லோ. 2016 செப்டம்பர் 22-ந் தேதி இரவு முதல்-மந்திரி ஜெயலலிதா அங்கே சேர்க்கப்பட்டார். இவரும் 2002-லும் 2006-லும் ஆண்டிப்பட்டியில் ஜெயித்தவர்தான். காய்ச்சல், நீர்ச்சத்துக் குறைவு என்பதே முதல் அறிக்கை. இப்போது மலைக்கிராமத்திலும் செல்போன் இருக்கிறது. ஆனால் 75 நாட்களில் ஒரு படம்கூட வெளியே வரவில்லை. இடைத்தேர்தல் படிவத்தில் கையெழுத்துக்குப் பதில் கைரேகை இருந்தது. சந்தேகம் இரட்டிப்பாயிற்று. வதந்தி பரப்பியதாகப் போலீசார் வழக்குப் போட்டுச் சிலரைக் கைது செய்தார்கள்.

நோயாளியின் அறையை எட்டிப் பார்ப்பது நாகரிகம் அல்ல. நோய் என்ன என்பதும் அவரவர் சொந்த விஷயம். ஆனால், கோப்புகளில் யார் முடிவெடுக்கிறார்கள் என்பது ஓட்டுப் போட்டவர்களுக்குத் தெரிய வேண்டாமா? அதையாவது சொல்லியிருக்கலாம். அக்டோபரில் அவருடைய இலாகாக்கள் பெரியகுளத்துக்காரரான ஓ.பன்னீர்செல்வத்திடம் கொடுக்கப்பட்ட பிறகுதான் அந்தக் கேள்விக்கு அரைகுறைப் பதில் கிடைத்தது.

டிசம்பர் 5-ந் தேதி மாலை சில டெலிவிஷன்கள் அவசரப்பட்டு மரணச் செய்தி சொல்லிவிட்டன. கட்சி அலுவலகத்தில் கொடி இறங்கியது. ஆஸ்பத்திரி மறுத்தது. கொடி மறுபடி ஏறியது! அன்று நள்ளிரவு வாக்கில்தான் மரணம் அறிவிக்கப்பட்டது.

சிகிச்சையின்போது எடுத்தது என்று ஒரு வீடியோ கடைசியில் வந்தது. அவர் இறந்து ஓர் ஆண்டு கழித்து, 2017 டிசம்பர் 20-ந் தேதி! மறுநாள் ஆர்.கே.நகரில் இடைத்தேர்தல்.