வாயைப் பார்த்து மீன் வாங்குங்கள்!

ஞாயிற்றுக்கிழமை காலை. பசியாறிவிட்டுப் பிள்ளைகளோடு ஜார்ஜ் டவுன் கடைத்தெருவுக்கு வருகிறீர்கள். சாமான்களெல்லாம் வாங்கியாயிற்று. திரும்பும் வழியில் ஒரு மீன்கடை. கண்ணாடித் தொட்டியில் விரல் நீளக் குஞ்சுகள், செம்மஞ்சளும் கறுப்புமாகக் கோடு போட்டுக்கொண்டு, ஒரே கூட்டமாகச் சுற்றி வருகின்றன. "அப்பா, இது வேணும்பா!" என்று மகன் சட்டையைப் பிடித்து இழுக்கிறான். விலையும் சொற்பம்தான். பிளாஸ்டிக் பையில் தண்ணீரும் காற்றும் அடைத்து, ரப்பர் வளையம் மாட்டி நீட்டுகிறார் தவுக்கே.

நேயர்களே, சற்றுப் பொறுங்கள்! அந்தப் பையைக் கையில் வாங்குமுன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இது வளர்ந்தால் எவ்வளவு நீளம் வரும்?"

அந்தக் கோடு போட்ட குஞ்சின் பெயர் தோமான். நம் விராலுக்குப் பெரியப்பன் மகன் முறை. பிள்ளை பெற்றவர்களுக்கும், வயிற்றில் கத்தி வைத்துக்கொண்டவர்களுக்கும் புண் சீக்கிரம் ஆறட்டும் என்று ஹாருவான் சாறு வைத்துக் கொடுக்கிறோமே, அந்த ஹாருவான்தான் விரால். அது பெரும்பாலும் இரண்டடிக்குள் நின்றுவிடும். தோமானோ மூன்றடியைத் தாண்டும். இருபது கிலோ வரை எடை ஏறும். கென்யீர், தெமெங்கோர் ஏரிகளுக்குத் தூண்டிலோடு போகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். கடைத் தொட்டியில் அழகாகச் சுற்றும் அந்தக் குஞ்சுக் கூட்டத்தை ஏரியில் தாயும் தகப்பனும் அடியிலிருந்து காவல் காக்கும். கிட்டே போனால் மனிதனையும் முட்ட வரும்.

இதெல்லாம் தெரியாமல் பல ஆண்டுகளுக்கு முன் அந்தப் பையை வாங்கியவன் நான்தான். பாயா தெருபோங்கில் அடுக்குமாடி வீடு. வரவேற்பறையில் மூன்றடித் தொட்டி. அதில் ஏற்கெனவே கப்பி மீன்கள் ஒரு டஜன், தங்கமீன் இரண்டு. தோமான் வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, கப்பிகளைக் காணோம். "பூனை கீனை வந்திருக்குமோ?" என்றாள் என் மனைவி. ஒன்பதாவது மாடிக்கு எந்தப் பூனை ஏறி வரும்? பிறகு தங்கமீன்களும் ஒவ்வொன்றாகப் போயின. அந்த ஆண்டு தீபாவளி வருவதற்குள் அது ஓரடி ஆகிவிட்டது. திரும்பும்போதெல்லாம் கண்ணாடியில் மூக்கு இடித்துக் காயம். ஒருநாள் இரவு மூடியைத் தள்ளிவிட்டு வெளியே குதித்து, விடியற்காலையில் சோபாவின் அடியில் கிடந்தது. நல்லவேளை, விரால் குடும்பம் காற்றைச் சுவாசிக்கும், பிழைத்துக்கொண்டது.

"ஆத்துல விட்டுருவோம் மச்சான்" என்றார் என் மைத்துனர். அந்த யோசனையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இரை தின்னி மீன் வளர்க்கவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அவற்றில் இருக்கும் சுவாரஸ்யம் மற்ற மீன்களில் இல்லை. ஆளைப் பார்க்கும், அசைவைக் கவனிக்கும், பசி வந்தால் கண்ணாடி ஓரம் வந்து காத்திருக்கும். ஆனால் இன்றைய அளவை நம்பி வாங்கக்கூடாது. வளர்ந்த அளவையும் வாயின் அகலத்தையும் பார்த்துத்தான் வாங்க வேண்டும். வாய்க்குள் நுழைகிற எதுவும் அதற்கு இரையே. "சாதுவான மீன், ஒன்றும் செய்யாது" என்று கடையில் சொல்வார்கள். தன் வாய்க்குள் போகாத மீனிடம் எல்லா மீனும் சாதுதான்!

என் சிபாரிசு என்ன என்று கேட்டால், நான்கடித் தொட்டி வைக்க இடம் உள்ளவர்களுக்கு ஆஸ்கார். அமேசான் ஆற்றுப் பக்கத்து மீன். ஓரடியோடு வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். பத்து ஆண்டுக்கு மேலும் வாழும். சோறு போடுகிறவரை அடையாளம் கண்டு வாலை ஆட்டும் நாய்க்குட்டி போல ஓடி வரும். கல்லைப் புரட்டும், செடியைப் பிடுங்கும். அலங்காரம் வேண்டுமென்பவர்களுக்கு ஒத்துவராது. நான்கடிக்கு ஒன்று போதும். ஆசைப்பட்டு நான்கைந்து விட்டுவிடாதீர்கள்.

அடுத்து, எல்லாரும் ஆசைப்படுகிற கெலிசா. சீனர்கள் டிராகன் மீன், அதிர்ஷ்டம் என்று போற்றுவது. பட்டர்வொர்த்திலிருந்து ரயிலில் தெற்கே போகும்போது பேராக்கில் ஒரு பெரிய ஏரியின் குறுக்கே ரயில் ஓடுகிறதல்லவா, அதுதான் புக்கிட் மேரா. கிரியான் வயல்களுக்காக 1906இல் அமைத்த நீர்த்தேக்கம். உலகமே விரும்பும் மலேசியப் பொன்னிறக் கெலிசாவுக்கு அதுவே பிறந்த வீடு. முட்டைகளையும் குஞ்சுகளையும் ஆண் மீன் வாய்க்குள் வைத்து, இரை எடுக்காமல் வாரக்கணக்கில் காக்கும். அவ்வளவு பெரிய வேட்டைக்காரனுக்கு அப்படியொரு தகப்பன் மனசு! முட்டைகள் சில டஜன்தான் என்பதால், பிடிக்கப் பிடிக்க இனம் அருகிப்போயிற்று. 1975 முதல் அனைத்துலக வாணிபத்தில் மிகக் கடுமையான பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. பதிவு பெற்ற பண்ணையில் பிறந்த கெலிசாவின் உடம்பில் அரிசியளவு சில்லு இருக்கும், கையில் சான்றிதழும் தருவார்கள். இரண்டும் இல்லாத மீனை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

கெலிசா இரண்டடிக்கு மேல் வளரும். ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத் தொட்டி என்பது அதற்குச் சிக்கனமான அளவே. அகலம் கூடினால் இன்னும் நல்லது. அந்தத் தொட்டியில் கொள்ளும் தண்ணீர் மட்டும் ஏறக்குறைய 680 கிலோ. பத்துப் பேர் ஒரே இடத்தில் நெருக்கி நிற்கிற எடை! அடுக்குமாடியில் இருப்பவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். மேலே கனமான மூடியும் வேண்டும், இதுவும் குதிக்கும்.

சிவப்புவால் கெளுத்தியைக் கண்டால் கும்பிடு போட்டுவிட்டு நடையைக் கட்டுங்கள். குஞ்சில் பொம்மை போலிருக்கும். வளர்ந்தால் மூன்றடிக்கு மேல். பிரான்ஹாவுக்கு நம் நாட்டு மீன்வளச் சட்டமே இடம் தருவதில்லை.

சின்ன வீடு, சின்னத் தொட்டிதானா? கவலை வேண்டாம். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் போத்தலில் வளர்த்த சண்டை மீன் ஞாபகம் இருக்கும். அதுவும் வேட்டை மீன்தான்; கொசுப்புழுவைப் பிடித்துத் தின்னும். போத்தலை விட்டு இரண்டடித் தொட்டியில் ஒன்றே ஒன்றை விட்டுப் பாருங்கள், அது எத்தனை அழகாக வேட்டையாடும் என்று அப்போதுதான் தெரியும். கேரளத்து ஆறுகளில் பிறந்த குட்டிப் பேத்தை என்று ஒன்று உண்டு. ஒன்றரை அங்குலம்கூட வராது. நத்தையைக் கண்டால் புலி! கண்களைத் தனித்தனியே உருட்டி அது நத்தையை நோட்டம் விடும் காட்சியைக் காசு கொடுத்தும் பார்க்கலாம்.

இனித் தீனி. உயிருள்ள தங்கமீனைப் போட்டு வேடிக்கை பார்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அதோடு நோயும் வரும். அதுவுமல்லாமல் தங்கமீனையே தின்றுவந்தால் உடம்பில் பி1 உயிர்ச்சத்து அழிந்துபோகும். மாட்டிறைச்சி, கோழி ஈரல் எல்லாம் மீனுக்கு ஆகாத கொழுப்பு. குஞ்சிலேயே உருண்டைத் தீனிக்குப் பழக்குங்கள். இடையிடையே தோலுரித்த இறால், மீன்துண்டு கொடுங்கள். வளர்ந்த மீனுக்கு வாரத்தில் ஒருநாள் பட்டினியும் நல்லதே.

இறைச்சி தின்கிற மீன் தண்ணீரை அதிகம் கெடுக்கும். கழிவிலிருந்து வரும் அம்மோனியா நஞ்சு. அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் வடிகட்டியில் குடியேற ஒரு மாதம், சில சமயம் ஒன்றரை மாதம் ஆகும். தொட்டி வாங்கிய அன்றே பெரிய மீனை விட்டுவிட்டு, மூன்றாம் நாள் செத்துவிட்டதே என்று கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. வாரம் ஒருமுறை கால்பங்கு தண்ணீரை மாற்றுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் உண்டு; அதை முறிக்கும் மருந்தைக் கலந்த பிறகே ஊற்றுங்கள். நம் பினாங்கு வெயிலுக்குத் தண்ணீரைச் சூடாக்கும் கருவி தேவையில்லை, அந்தச் செலவு மிச்சம்.

மைத்துனர் சொன்ன யோசனைக்கு வருகிறேன். தொட்டிக்குக் கண்ணாடி துடைக்க வாங்கிய 'பந்தாராயா' மீனை வளர்ந்ததும் ஆற்றில் விட்டவர்கள் இப்படித்தான் நினைத்திருப்பார்கள். இன்று கிள்ளான், லங்காட் ஆறுகளில் வலை போட்டால் அதுதான் வருகிறது. பேராக்கின் பழைய ஈயக்குட்டைகளில் தென்னமெரிக்கப் பீக்காக் பாஸ் பெருகி, நம் ஊர்ச் சிறுமீன்களைத் தின்கிறது. தொட்டி மீனை ஆற்றில் விடுவது புண்ணியம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். என் தோமானை, நிபோங் திபாலில் வேலி போட்ட சொந்தக் குளம் வைத்திருந்த ஒரு நண்பர் ஏற்றுக்கொண்டார். அவர் இல்லாவிட்டால் என்ன செய்திருப்பேனோ!

ஆகவே பணத்தை எடுக்குமுன் இரண்டாவது கேள்வியையும் கேட்டுவிடுங்கள்: "பெரிதாகிவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா?" சில கடைகளில் எடுத்துக்கொள்கிறார்கள். தவுக்கே தலையாட்டினால் கடையின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். சிரித்து மழுப்பினால், மகனுக்கு ஒரு சண்டை மீனும் இரண்டடித் தொட்டியும் வாங்கிக் கொடுத்து வீட்டுக்கு அழைத்துப் போங்கள்.