பறவையின் இறகும் விதைத் தானியத்தின் நஞ்சும்

விதையைப் பற்றும் பங்கசு நோய்களைத் தடுக்கும்பொருட்டு விதைத் தானியத்துக்கு மருந்திடுதல் பல நாடுகளிற் கைக்கொள்ளப்படும் முறையாகும். சுவீடன் நாட்டிலே 1940ஆம் ஆண்டளவிலிருந்து மெதையில் இரசம் என்னும் சேர்வை இதற்குப் பயன்பட்டது. பயிர் நோயினின்றும் காக்கப்பட்டது. ஆனால் 1950களில், வயல்களில் தானியம் பொறுக்கும் பறவைகளும் அவற்றைப் பிடித்துண்ணும் வல்லூறு முதலியனவும் இறந்து கிடக்கக் காணப்பட்டன. விதை மருந்துதான் காரணமோ என்னும் ஐயம் எழுந்தது.

இதனை ஆராய இறகு உதவிற்று. இறகு வளருங்கால், பறவையின் உடலிலுள்ள இரசத்தில் ஒரு பகுதி அதிற் சென்று தங்கிவிடும். நூதனசாலைகளிலே நூறாண்டுக்கு முற்பட்ட பறவைகளின் இறகுகளும் இருந்தன. ஆயினும் அவற்றிலுள்ள இரசம் பத்து இலட்சத்தில் ஒருசில பங்கு மாத்திரமே.

இத்துணைச் சிறிய அளவை அறிதற்கேற்றது நியூத்திரன் ஏவற் பகுப்பு ஆகும். 1936இல் கொப்பனேகன் நகரில் ஜோர்ஜ் டி ஹெவெசி, ஹில்டே லெவி ஆகிய இருவரும் இம்முறையை முதலிற் செய்துகாட்டினர். சோதிக்கவேண்டிய பொருள் அணு உலையில் வைக்கப்படும். அங்குள்ள நியூத்திரன் என்னும் நுண்துணிக்கைகளை இரச அணுக்களிற் சில ஏற்று, கதிர்வீசுந் தன்மை பெறும். அக்கதிரின் சத்தி இரசத்துக்கே உரியது. அவ்வாறு தோன்றும் ஒருவகை அணுவின் கதிர்வீச்சு ஏறத்தாழ 64 மணித்தியாலத்திற் பாதியாகக் குறையும். இவ்விரு அடையாளங்களாலும் இரசம் இனங்காணப்படும். அளவு தெரிந்த இரசத்தையும் உடன்வைத்து ஒப்பிட்டால், இறகிலுள்ள அளவு பெறப்படும்.

பழைய இறகுகள் தொடக்கம் 1940 வரையுள்ளவற்றில் இரசத்தின் அளவு பெரிதும் மாறவில்லை; அதன்பின் பத்து மடங்கும் அதற்கு மேலும் உயர்ந்திருந்தது. 1966இல் இம்முடிவு வெளியாயிற்று. அவ்வாண்டே சுவீடனில் இம்மருந்தை விதைக்கு இடுதல் தடைசெய்யப்பட்டது.

மனிதருக்கும் இந்நஞ்சு தீங்கிழைத்தது. 1971-72 மாரிகாலத்தில், ஈராக் நாட்டுக் குடியானவர் இதே வகை மருந்திட்டுச் சிவப்புச் சாயமேற்றிய விதைக் கோதுமையை மாவாக்கி உண்டனர். கழுவியபோது சாயம் நீங்கிற்று; நஞ்சு நீங்கவில்லை. 6,530 பேர் வைத்தியசாலைகளிற் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் 459 பேர் இறந்தனர்.

ஆகவே, எம்மருந்தாயினும் மருந்திட்ட விதை விதைத்தற்கு மாத்திரமே உரியதெனக் கமக்காரர் கொள்ளல் வேண்டும். எஞ்சியதைக் கழுவியோ உலர்த்தியோ உண்ணலாகாது. கோழிக்கும் மாட்டுக்கும் இடலாகாது. சிந்திய விதையை மண்ணால் மூடிவிடுக. அவ்விதை இருந்த சாக்கில் உணவுத் தானியத்தை ஒருபோதும் கட்டி வையாதீர்கள்.