‘லக்ஷ்மி’க்கு எத்தனை எழுத்து?

‘தமிழ்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து? முதலாம் ஆண்டு மாணவர்கூட மூன்று என்பார். கணினியைக் கேட்டால் ஐந்து என்று சொல்லும். யூனிகோட் முறையில் ‘மி’க்கு மகரமும் இகரக் குறியும் தனித்தனிக் குறியீடுகள்; ‘ழ்’க்கு ழகரமும் புள்ளியும்.

தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்காக நண்பர்கள் நால்வர் சேர்ந்து, வார இறுதிகளில் ஒரு சொல் விளையாட்டை உருவாக்கி வருகிறோம். திறந்த மூல மென்பொருள். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம். எழுத்துகளைச் சரியாக எண்ணும் சிறு நிரலை நான்தான் எழுதினேன். எங்கே வைப்பது என்று யோசிக்காமல் ‘யூட்டில்ஸ்’ என்ற கோப்புறையில் போட்டுவிட்டேன். பழைய சாவி, ரப்பர் பேண்ட், தீர்ந்த பேட்டரி எல்லாம் கிடக்கும் இழுப்பறை ஒன்று எல்லார் வீட்டிலும் இருக்குமே, அதுபோலத்தான் இதுவும்.

ஓராண்டில் தேதியை மாற்றுவது, நிறம் தேர்வது என்று நாற்பது நிரல்கள் அதில் சேர்ந்துவிட்டன. தேடிக் களைத்த ஒரு நண்பர், எழுத்து எண்ணும் நிரலைத் தாமே புதிதாக எழுதிக்கொண்டார். இன்னொருவர் என்னுடையதை நகலெடுத்துத் தம் பகுதியில் ஒட்டிக்கொண்டார்.

‘லக்ஷ்மி’ என்ற பெயரை விளையாட்டு நான்கு எழுத்தாக எண்ணுகிறது என்று ஓர் ஆசிரியை எழுதியிருந்தார். ‘க்ஷ’ வடமொழி எழுத்து, எழுதவே வேண்டாம் என்பவர்கள் உண்டு. ஆனால் பிள்ளைக்குப் பெயர் வைத்தாயிற்றே! அன்றிரவே திருத்தினேன். மறுவாரமும் அதே புகார். மூன்றில் ஒன்றைத்தான் திருத்தியிருக்கிறேன். புள்ளி போடும் பகுதியில் இருந்தது பழைய நகல். தன் பெயருக்கு மூன்று எழுத்து என்று சரியாகச் சொன்ன பிள்ளைக்கு நாங்கள் சுழியம் போட்டிருந்தோம்.

அதன்பிறகே கோப்புறையைக் கலைத்தோம். எழுத்து, தேதி, நிறம் என்று செய்யும் வேலையின் பெயரிலேயே தனித்தனிப் பொதிகள். விளையாட்டு எழுத்துப் பொதியை அழைக்கலாம். அந்தப் பொதிக்கு விளையாட்டைப் பற்றி எதுவுமே தெரியக்கூடாது. அப்போதுதான் வேறொருவர் அதைத் தனியே எடுத்துச் செல்ல முடியும். அதன் முதல் சோதனை, ‘லக்ஷ்மி’க்கு மூன்று வருகிறதா என்பதுதான்.

ஒவ்வொரு நிரலையும் தனிப் பொதியாக்கலாமே என்றார் ஒரு நண்பர். எனக்கு உடன்பாடில்லை. 2016 மார்ச்சில் நடந்தது நினைவிருக்கிறது. சொல்லின் இடப்பக்கம் வெற்றிடம் நிரப்பும் ‘லெஃப்ட்-பேட்’ என்ற 11 வரிப் பொதியை, ஒரு பெயர்த் தகராறில் அதை எழுதியவர் என்.பி.எம். களஞ்சியத்திலிருந்து நீக்கினார். அதை நம்பியிருந்த உலகெங்குமுள்ள மென்பொருள் திட்டங்கள் தடுமாறின. களஞ்சியமே சில மணி நேரத்தில் அதை மீட்டு வைக்க வேண்டியதாயிற்று.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். பைத்தான் மொழியில் ‘ஓப்பன்-தமிழ்’ என்ற திறந்த மூலத் தொகுப்பு பல ஆண்டுகளாகவே இருக்கிறது. எழுத்துகளைப் பிரிப்பது, ஒலிபெயர்ப்பு, சொல்திருத்தி எல்லாம் அதில் தனித்தனிப் பகுதிகளாக உள்ளன. தேடிப் பார்க்காமல் எழுத உட்கார்ந்தது என் அவசரம்.

‘யூட்டில்ஸ்’ கோப்புறை இன்னும் இருக்கிறது. உள்ளே இரண்டே நிரல்கள். அவற்றுக்கு என்ன பெயர் வைப்பது என்று வாட்ஸ்அப்பில் விவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது.